போர்க்கோலமும் மணக்கோலமும்: தடாதகை, அல்லி கதைகளில் வீர இளவரசி

முன்னுரை

வாளேந்திப் படை நடத்தும் இளவரசி பல கதைமரபுகளில் இடம்பெறும் பாத்திர வகை. இவ்வகையை வீரம் என்னும் ஒரு பண்பைக் கொண்டே விளக்குவது வழக்கம். ஆயின் மதுரையைக் களமாகக் கொண்ட இரு கதைகளை ஒப்புநோக்கின், இளவரசியின் வீரத்தை அக்கதைகள் ஐயுறவே இல்லை என்பது புலனாகும். மணத்திற்குப்பின் அவளது அரசுரிமை என்னாகும் என்பதே அவற்றின் உண்மையான வினா. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் கூறும் தடாதகை கதையையும், அல்லி அரசாணி மாலை என்னும் கதைப்பாடலையும் முன்வைத்து இவ்வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது.

வெற்றிடமும் வாரிசும்

இருவரும் ஆண் வாரிசு இல்லாத பாண்டியர் குடிக்கு மகளாக வந்தவர்கள். மலையத்துவச பாண்டியன் மகன் வேண்டிச் செய்த வேள்வியில் மூன்று கொங்கைகளுடன் பெண்மகவு தோன்றுகிறது. ஆண்மகனுக்குரிய சடங்குகளைச் செய்து அவளுக்கே முடிசூட்டுமாறு வானொலி பணிக்கிறது. அல்லியோ, தந்தையின் நாட்டைக் கவர்ந்த நீன்முகனை வென்று ஆட்சியை மீட்கிறாள். ஆக, போர்த்திறம் இவர்களுக்கு அணிகலன் அன்று, அரசுரிமைக்கான சான்று. தென்னாட்டை ஆண்ட பண்டையா என்னும் அரசமகளுக்கு அவள் தந்தை 500 யானைகளும் 4,000 குதிரைகளும் அளித்ததாக மெகசுதனிசு வழிவந்த கிரேக்கக் குறிப்பு கூறுவதும் இங்கு ஒப்புநோக்கத்தக்கது.

போர் முடியும் இடம்

தடாதகை திக்குவிசயம் செய்து கயிலையை அடைகிறாள். சிவகணங்களை வென்றபின் இறைவனைக் கண்ட அளவில் மூன்றாம் கொங்கை மறைகிறது. அவளை எவரும் வெல்லவில்லை. முன்னரே கூறப்பட்ட உடற்குறி போரை நிறைவு செய்கிறது. பின்னர் மதுரையில் திருமணம் நிகழ, சோமசுந்தரர் சுந்தர பாண்டியனாக அரசேற்கிறார். ஆட்சி கைமாறுவது தோல்வியாகத் தோன்றாவண்ணம் அக்குறி காக்கிறது.

அல்லிக்கு அத்தகைய தெய்வக்குறி எதுவும் இல்லை. ஆதலின் அருச்சுனன் வஞ்சனையை நாடுகிறான். கண்ணன் துணைபுரிய, பாம்பு வடிவில் பள்ளியறை புகுந்து, உறங்குபவளுக்குத் தாலி கட்டுகிறான். களத்தில் வெல்ல இயலாதவளை உறக்கத்தில் கட்டினான் என்பதைக் கதைப்பாடல் மறைக்கவில்லை. விழித்தெழுந்தவளின் சினத்திற்கும் அது இடமளிக்கிறது. புலந்திரனை ஈன்ற பின்னரும் அச்சினம் தணிந்தபாடில்லை என்பதைப் பவளக்கொடி மாலை உணர்த்தும்.

இவ்வேறுபாட்டை இலக்கிய வகையின் வேறுபாடாக மட்டும் கொள்ளுதல் போதாது. புராணம் இணக்கத்தை உடலின்மேல் எழுதிவிடுகிறது; அதனால் தடாதகையின் விருப்பு வெறுப்பு கேள்விக்கு உள்ளாவதில்லை. கதைப்பாடலோ இணக்கமின்மையைக் கதையின் மையமாக்குகிறது. மணம் நிறைவேறினும், அம்மணம் முறையானதா என்னும் வினா கேட்போரிடம் எஞ்சுகிறது.

சடங்கில் மீளும் அரசி

புராணத்தில் முடிந்த கதை கோயில் வழக்கில் முடிவதில்லை. மதுரைச் சித்திரைத் திருவிழாவின் எட்டாம் நாளில் மீனாட்சிக்குப் பட்டாபிடேகம், ஒன்பதாம் நாளில் திக்குவிசயம், பத்தாம் நாளில் திருக்கல்யாணம் ஆகியன ஆண்டுதோறும் நிகழ்கின்றன. திருமணத்திற்குப் பின்னும் ஆவணி வரை மதுரையில் நடப்பது மீனாட்சியின் ஆட்சி என்பதே மரபு. ஆவணியில்தான் சுந்தரேசுவரர் முடிசூடுகிறார். ஏட்டில் மணத்தோடு கைமாறிய செங்கோல், சடங்கில் மணத்திற்குப் பின்னரும் சில திங்கள் அரசியிடமே இருக்கிறது.

முடிவுரை

வீர இளவரசியின் கதையில் போரை விட அப்போர் முடிவுறும் முறையே ஆய்விற்குரியது. புராணம் அம்முடிவைத் தெய்வச் செயலாக்குகிறது. கதைப்பாடல் அதனை வஞ்சனை எனக் காட்டுகிறது. சடங்கு அதனை ஒத்திவைக்கிறது. மணத்தால் அரசுரிமை இழக்கும் பெண்ணைப் பற்றிய தயக்கம் இம்மூன்றிற்கும் பொதுவாதலின், இவற்றை ஒருசேரப் பயில்வதே இப்பாத்திர வகையை முழுமையாக அறியும் வழி எனலாம்.