ரிலே அறையில் ஒரு தூங்காத கணக்குப்பிள்ளை

விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் ரெயிலில் இடம் பிடித்துப் படுத்ததும் கண்ணயர்ந்து விடுகிறார்கள். அவர்களுக்காக வழி நெடுகப் பலர் விழித்திருக்கிறார்கள். மனிதர் மட்டும் அல்ல, ஒரு கருவியும் விழித்திருக்கிறது. அதன் பெயர் "டேட்டா லாகர்".

இது இருக்கும் இடம் ஸ்டேஷனின் ரிலே அறை. சிக்னலுக்கும் தண்டவாளத்தைத் திருப்பும் பாயிண்டுக்கும் உத்தரவு போவது இங்கிருந்துதான். இந்த அறைக்கு இரண்டு பூட்டுகள். ஒரு சாவி ஸ்டேஷன் மாஸ்டரிடம். மற்றது சிக்னல் ஊழியரிடம். இருவரும் சேர்ந்தால்தான் கதவைத் திறக்கலாம்.

எந்த சிக்னல் எப்போது பச்சை ஆயிற்று, எந்த பாயிண்ட் எப்போது திரும்பிற்று, பாட்டரியில் எத்தனை வோல்ட், கதவு திறந்தது எப்போது என எல்லாவற்றையும் நேரத்தோடு பதிந்து வைப்பது டேட்டா லாகரின் வேலை.

எது கோளாறு?

பதிவதோடு நின்றால் அது வெறும் கணக்குப் புத்தகம்தான். தவறு கண்டதும் ஆளைக் கூப்பிட வேண்டும். ஆனால் எது தவறு என்று கருவிக்குத் தானாகத் தெரியாது. மனிதர்தான் முன்கூட்டியே விதி எழுதிக் கொடுக்க வேண்டும்.

பாயிண்டுக்கு உத்தரவு போய்ச் சில வினாடிக்குள் அது திரும்பியதாகத் தகவல் வராவிட்டால் கோளாறு. ரெயில் கடக்காமலும், யாரும் ரத்து செய்யாமலும் பச்சை சிக்னல் சிவப்பானால் கோளாறு. பாட்டரி வோல்ட் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் கோளாறு. உடனே கோட்டத் தலைமையிடத்துக்கு எச்சரிக்கை போகும். ஊழியரின் செல்போனுக்குக் குறுஞ்செய்தியும் வரும்.

புலி வருது!

சிக்கல் இங்கேதான். வோல்ட் அளவை மிகவும் நெருக்கி வைத்தால், சிறு ஏற்ற இறக்கத்துக்கெல்லாம் செய்தி வரும். பராமரிப்பு வேலையின்போது வருபவையும் சேர்ந்தால் செய்தி குவிந்து விடும். "புலி வருது" கதைதான். பத்துப் பொய்ச் செய்தி பார்த்தவர் பதினோராவதைப் பிரித்துப் பார்க்க மாட்டார்; அதுவே மெய்யான புலியாக இருக்கலாம்.

ஆகவே, கோளாறு சில வினாடி நீடித்தால் மட்டும் செய்தி போக வேண்டும். வேலை நடக்கும் நேரத்தைத் தனியே குறிக்க வேண்டும். முதலில் பக்கத்து ஊழியருக்கு. அவர் கவனிக்காவிட்டால் மேலதிகாரிக்கு. செய்தி வந்தால் போதாது; கோளாறு சரியானதா என்ற பதிலும் பதிவாக வேண்டும்.

பாலசோர் பாடம்

கருவிக்கும் எல்லை உண்டு. கம்பியைத் தவறாக இணைத்தால், அந்தக் கம்பி சொல்லும் பொய்யையே அதுவும் எழுதும்.

2023 ஜூன் 2 மாலை. ஒடிசாவில் பாலசோர் மாவட்டம், பகநாகா பஜார் ஸ்டேஷன். சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரசுக்குப் பிரதான தடத்தில் பச்சை விழுந்தது. பாயிண்டோ கிளைத் தடத்துக்குத் திரும்பியிருந்தது. நின்றிருந்த சரக்கு ரெயில் மீது எக்ஸ்பிரஸ் மோதியது. எதிர்த்திசையில் போன பெங்களூரு–ஹவுரா ரெயிலும் சிக்கியது. 290-க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

சிக்னல் சுற்றில் தவறான இணைப்பே காரணம் என்றது ரெயில்வே பாதுகாப்பு கமிஷனர் அறிக்கை. அது சொன்ன வேறு இரண்டு விஷயங்கள் மனதை உறுத்துகின்றன. 2022 மே 16-ல் அதே கரக்பூர் கோட்டத்தில் பாங்க்ரா நயாபாஸ் ஸ்டேஷனில் இதேபோன்ற இணைப்புத் தவறு நடந்திருந்தது. பகநாகா பஜாரிலும் பாயிண்டின் வழக்கத்துக்கு மாறான போக்கு பலமுறை தென்பட்டும் சிக்னல் பிரிவுக்குச் சொல்லப்படவில்லை. சொல்லியிருந்தால் சரிசெய்திருக்க முடியும்.

மணி அடிப்பது கருவியின் வேலை. அதைக் கேட்டு எழுந்து போவதும், கருவிக்குத் தெரியாததைக் கண்ணால் கண்டால் உரியவரிடம் சொல்வதும் மனிதரின் வேலை. ரெயிலில் தூங்குகிறவர்களின் உயிர் இந்த இரண்டையும் நம்பித்தான் இருக்கிறது.