பந்து வந்தால்தான் ரயில் நகரும்!

கல்வராயன் மலை மக்கள் சாமான் வாங்க இறங்கி வரும் ஊர், கள்ளக்குறிச்சி. 2019-ல் அது மாவட்டத் தலைநகர் ஆனது. ஆனால், அன்று அங்கே ரயில் நிலையம் இல்லை! ரயில் ஏற, சுமார் 16 கிலோ மீட்டர் தொலைவில் உள்ள சின்னசேலத்துக்குப் போக வேண்டியிருந்தது.

சேலம்–விருத்தாசலம் பாதையில் உள்ள சிறிய நிலையம் அது.

பிரம்பு வளையம்

முன்பு அது மீட்டர் கேஜ் பாதை. தண்டவாளம் ஒன்றுதான். எதிரும் புதிருமாக இரண்டு வண்டிகள் வந்தால் என்ன ஆகும்?

அப்படிப்பட்ட பாதைகளில் மோதலைத் தடுத்தது, ஒரு சின்னப் பந்து! அதற்கு "டோக்கன்" என்று பெயர். அதைப் பையில் போட்டு, பிரம்பு வளையத்தில் கட்டி, டிரைவரிடம் கொடுப்பார்கள். பந்து கைக்கு வராமல் டிரைவர் வண்டியை எடுக்க மாட்டார். அடுத்த நிலையத்தில் அதை ஒப்படைப்பார். பிறகுதான் அந்தப் பாதையில் வேறு வண்டிக்குப் பந்து கிடைக்கும்.

எதிர் வண்டி வரும் வரை இந்த வண்டி நிற்கும். பிளாட்பாரத்தில் டீ விற்கும். முறுக்கு விற்கும். ஊர்க்கதையும் நடக்கும்.

மலைக்கு வழி

2007-ல் அந்தப் பாதை அகலப் பாதை ஆனது. பின்னர், சின்னசேலத்தில் இருந்து கள்ளக்குறிச்சிக்குக் கிளைப் பாதை போடும் வேலையும் தொடங்கியது.

16 கிலோ மீட்டர்தானே என்று நினைக்காதீர்கள். நோயாளிக் குழந்தையுடன் மலை இறங்கி, பஸ்சுக்குப் பஸ் மாறி, ரயிலைத் தேடிப் போகும் தாயைக் கேளுங்கள். அது எவ்வளவு தூரம் என்று அவள் சொல்வாள்!