பயத்தைக் களிமண்ணில் பிடிக்கலாமா?

குட்டிகளே! கேள்வித்தாள் கைக்கு வந்ததும் உள்ளங்கை வியர்க்கிறதா? நெஞ்சு 'படபட'வென்று அடிக்கிறதா? அட்ரினலின் என்ற சுரப்பு செய்கிற வேலை அது. ஆபத்து வந்தால் தப்பி ஓடுவதற்காக உடம்பு செய்துவைத்திருக்கும் ஏற்பாடு. கேள்வித்தாளையும் புலி என்று நினைத்துக்கொள்கிறது, பாவம்!

இதைவிடப் பெரிய பயத்தைச் சுமந்த பிள்ளைகள் இலங்கையில் மட்டக்களப்பில் இருந்தார்கள். போர் நடந்துகொண்டிருந்த 1996-ஆம் ஆண்டில், கனடாவைச் சேர்ந்த கலைஞர் பால் ஹோகனும், பாதிரியார் பால் சற்குணநாயகமும் அங்கே 'வண்ணத்துப்பூச்சிப் பூங்கா'வைத் தொடங்கினார்கள். துப்பாக்கிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்த பிள்ளைகள், தமிழர்களும் முஸ்லிம்களுமாக, சுற்றுக் கிராமங்களிலிருந்து வந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்தவை களிமண், வண்ணம், பாட்டு, நாடகம். தாங்களே கதை கட்டினார்கள். அதை நடித்தும் காட்டினார்கள்.

களிமண்ணால் பயம் போய்விடுமா என்று கேட்பீர்கள். சொல்ல வார்த்தை கிடைக்காத பயம் மனசுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். அதைப் பொம்மையாகச் செய்துவிட்டால் நம் எதிரே வந்து உட்கார்ந்துவிடும். அப்புறம் அதற்குக் கோணல் மூக்கு வைக்கலாம், தொப்பி போடலாம், பிசைந்து உருட்டி வேறொன்றாகவும் ஆக்கலாம். நம்ம விழுப்புரம், திண்டிவனம், செஞ்சிப் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில், தரையில் மண்ணால் படுத்திருக்கும் பிரம்மாண்டமான துரியோதனனைப் பார்த்திருப்பீர்களே! முதலில் அம்மாவின் முந்தானைக்குள் ஒளிந்த வாண்டுகள், கொஞ்ச நேரத்தில் கிட்டே போய் அவன் மீசையை எட்டிப் பார்ப்பார்கள்.

தமிழக அரசுப் பள்ளிகளில் 2022-ஆம் ஆண்டு முதல் கலைத் திருவிழா நடக்கிறது. மாணவர்களுக்காகத் 'தேன்சிட்டு' இதழும் அதே ஆண்டில் தொடங்கியது. நல்ல விஷயம்தான். ஆனால் போட்டி, பரிசு என்றாலே சிலருக்கு அங்கேயும் வயிறு கலங்கும். அதனால் மார்க் போடாத, முதலிடம் இல்லாத ஒரு பாடவேளை வாரத்துக்கு ஒன்று வேண்டும் என்பேன். செலவும் அதிகமில்லை. ஒரு வெள்ளை வேட்டி, ஒரு டார்ச் விளக்கு, அட்டையில் வெட்டிய பொம்மைகள் இருந்தால் விக்கிரவாண்டி வகுப்பறையிலும் நிழல் நாடகம் ரெடி! 'கணக்குப் பூதம்' என்று தலைப்பு வையுங்களேன்.

பல நாளாகத் தூக்கம் வரவில்லை, சாப்பிடப் பிடிக்கவில்லை, பள்ளிக்கூடம் என்றாலே அழுகை வருகிறது என்றால் பொம்மை மட்டும் போதாது. அம்மா அப்பாவிடமோ டீச்சரிடமோ சொல்லுங்கள். 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது, ராத்திரியிலும் எடுப்பார்கள்.