சரக்குந்து உரிமையாளர்-ஓட்டுநர்

சரக்குந்து உரிமையாளர்-ஓட்டுநர் என்பவர் தமக்குச் சொந்தமான சரக்குந்தை (லாரியை) தாமே ஓட்டித் தொழில் செய்பவர் ஆவார். ஐக்கிய அமெரிக்காவில் இது ஒரு தனித் தொழில்வகையாக அறியப்படுகிறது. சம்பளத்திற்கு ஓட்டுபவர் எந்தச் சரக்கை எங்கே கொண்டு செல்ல வேண்டும் என்பதை நிறுவனமே முடிவு செய்யும். உரிமையாளர்-ஓட்டுநர், குறிப்பாகச் சொந்த உரிமத்தில் இயங்குபவர், அதனைத் தாமே முடிவு செய்கிறார். வண்டிக் கடனின் மாதத் தவணை, காப்பீடு, டீசல், டயர், பழுதுபார்ப்பு ஆகிய அனைத்தும் அவருடைய பொறுப்பு. எனவே தொடர்ச்சியான சில தவறான தெரிவுகள் வண்டியையே கடன்காரரிடம் இழக்கும் நிலைக்குக் கொண்டு செல்லக்கூடும். இக்கட்டுரை அமெரிக்க நடைமுறையில் சரக்கைத் தெரிவு செய்யும் முறையை முதன்மையாக விளக்குகிறது.

வரலாறு

1935ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துச் சட்டம், மாநிலங்களுக்கு இடையிலான சரக்குந்துத் தொழிலை மாநிலங்களிடை வணிக ஆணையத்தின் கட்டுப்பாட்டில் கொண்டுவந்தது. யார் எந்தத் தடத்தில் எதை ஏற்றலாம் என்பதற்கு ஆணையத்தின் அனுமதி தேவைப்பட்டது. கட்டணங்களும் அதன் மேற்பார்வையில் இருந்தன. பதப்படுத்தாத வேளாண் விளைபொருட்களுக்கு இதில் விலக்கு இருந்தது. இதனால் அனுமதி இல்லாத தனி ஓட்டுநர்கள் காய்கறி, பழம் ஆகியவற்றை ஏற்றிச் சென்று, திரும்பும்போது ஏற்றச் சட்டப்படி சரக்கு கிடைக்காமல் திண்டாடினர். தமிழ்நாட்டு லாரித் தொழிலில் 'ரிட்டர்ன் லோடு' என்று கூறப்படும் சிக்கல் அங்கே சட்டத்தாலேயே கடுமையாக்கப்பட்டிருந்தது எனலாம்.

1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியில் டீசல் விலை ஏறியபோது தனி ஓட்டுநர்கள் நெடுஞ்சாலைகளை மறித்துப் போராடினர். அதே ஆண்டில் அவர்களுக்கான சங்கமும் தோன்றியது. 1980இல் குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டர் கையொப்பமிட்ட புதிய சட்டம் கட்டுப்பாடுகளைப் பெருமளவு தளர்த்தியது. தொழிலில் நுழைவது எளிதாயிற்று. போட்டியினால் கட்டணமும் இறங்கியது. ஆணையம் 1995ஆம் ஆண்டின் இறுதியில் கலைக்கப்பட்டது.

சரக்கு கிடைக்கும் வழிகள்

உரிமையாளர்-ஓட்டுநரில் இரு வகையினர் உண்டு. ஒரு பெரிய நிறுவனத்தின் உரிமத்தின் கீழ் வண்டியை ஒப்பந்தத்திற்கு விடுபவர், வாடகையில் ஒரு பங்கையோ மைலுக்கு இவ்வளவு என்ற தொகையையோ பெறுவார். சொந்த உரிமம் எடுத்தவர் முழு வாடகையையும் பெறுவார்; ஆனால் சரக்கையும் அவரே தேட வேண்டும். பொதுச் சரக்கிற்குச் சட்டம் கோரும் பொறுப்புக் காப்பீடு 750,000 டாலர் என்றாலும், பெரும்பாலான தரகர்கள் 10 இலட்சம் டாலர் காப்பீடு இல்லாதவருக்குச் சரக்குக் கொடுப்பதில்லை.

சொந்த உரிமத்தார் பெரிதும் நம்பியிருப்பது 'லோடு போர்டு' எனப்படும் சரக்குப் பட்டியலை. 1978இல் ஒரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்து நகரிலுள்ள ஒரு லாரிப்பேட்டையில், கிடைக்கும் சரக்குகளைத் திரையில் காட்டும் ஏற்பாடாக 'டயல்-எ-டிரக்' தொடங்கப்பட்டது. இன்று 'டாட்' என்ற பெயரில் இணையத்தில் இயங்குவது அதுவே. ஏற்றுமிடம், இறக்குமிடம், எடை, தூரம் ஆகியவை பட்டியலில் இருக்கும். வாடகை பல வேளைகளில் இராது. தரகரிடம் பேரம் பேசியே அறிய வேண்டும்.

வாடகையைக் கணக்கிடுதல்

புதியவர்கள் வாடகையைச் சரக்குடன் ஓடும் மைல்களால் வகுத்து, அதிக விலை தரும் சரக்கைத் தெரிவு செய்வது வழக்கம். இக்கணக்கில் இரண்டு குறைகள் உள்ளன. ஏற்றுமிடம் வரை வெறும் வண்டியாக ஓடும் மைல்கள் அதில் சேர்வதில்லை. அதைவிட முக்கியமாக, இறக்கிய பிறகு வண்டி எந்த ஊரில் நிற்கும் என்பது அதில் இல்லை.

புளோரிடா மாநிலம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அங்கு மக்கள்தொகை அதிகம், உற்பத்தி குறைவு. நுகர்பொருட்கள் உள்ளே செல்லும் அளவுக்கு வெளியே வருவதற்குச் சரக்கு இல்லை. ஆகவே உள்ளே செல்ல நல்ல வாடகையும் வெளியே வர மிகக் குறைந்த வாடகையும் கிடைக்கும். வசந்தகால அறுவடையின்போது மட்டும் நிலைமை சில வாரங்களுக்குத் தலைகீழாகும். கொலராடோவின் டென்வர் நகரும் இவ்வாறு 'உள்ளே நல்லது, வெளியே மோசம்' என்று பெயர் பெற்றது.

ஒரு கற்பனைக் கணக்கைக் காண்போம். வண்டி சிகாகோவில் நிற்கிறது. ஏற்றுமிடம் 30 மைல் தொலைவில் உள்ளது. கேலனுக்கு 6.5 மைல் ஓடும். டீசல் கேலன் 4 டாலர் எனக் கொள்வோம்.

முதற் சரக்கு மயாமிக்கு: 1,380 மைல், வாடகை 3,300 டாலர். சரக்கு மைலுக்கு ஏறத்தாழ 2.39 டாலர். இரண்டாம் சரக்கு அட்லாண்டாவுக்கு: 715 மைல், வாடகை 1,600 டாலர். மைலுக்கு ஏறத்தாழ 2.24 டாலர். பார்வைக்கு மயாமியே மேல். ஆனால் மயாமியில் ஒரு நாள் காத்திருந்து, 600 டாலருக்கு ஒரு சரக்கை ஏற்றி 660 மைல் ஓடி அட்லாண்டாவுக்கு வருவதாகக் கொண்டால், மொத்த வரவு 3,900 டாலர். மொத்த ஓட்டம் 2,070 மைல். டீசலுக்கு 1,274 டாலர் போக மீதி 2,626 டாலர். இதற்கு 5 நாட்கள் ஆகும் எனில் நாளுக்கு 525 டாலர். நேரே அட்லாண்டாவுக்குச் சென்றவருக்கு 745 மைலுக்கான டீசல் 458 டாலர் போக 1,142 டாலர் மிஞ்சும். 2 நாட்களுக்கு, நாளுக்கு 571 டாலர். இருவரும் ஒரே ஊரில்தான் நிற்கின்றனர். ஆனால் இரண்டாமவர் மூன்று நாட்கள் முன்னதாக அடுத்த சரக்கைத் தேடத் தொடங்கிவிட்டார்.

கணினியியல் மாணவர்கள் இதில் பேராசைப் படிமுறையின் குறையைக் காணலாம்: ஒவ்வொரு படியிலும் மிகச் சிறந்ததைத் தெரிவு செய்வது முழுப் பயணத்திற்கும் சிறந்ததாக அமைவதில்லை. எனினும் இதை வெறும் கணிதச் சிக்கலாகக் கருதுவது தவறு. அடுத்த ஊரில் நாளை என்ன சரக்கு இருக்கும் என்பது எவருக்கும் முன்கூட்டித் தெரியாது. அனுபவமே அங்கு துணை.

சரக்கை மறுக்க வேண்டிய விலை எது என்பதும் நேரானதன்று. அமெரிக்கப் போக்குவரத்து ஆய்வு நிறுவனம் 2023ஆம் ஆண்டுக்குக் கணித்த சராசரிச் செலவு மைலுக்கு 2.27 டாலர். இதில் ஓட்டுநர் ஊதியமும் அடங்கும். இச்சராசரியைத் தம் வண்டிக்கு அப்படியே கொள்ளாமல், ஒவ்வொருவரும் தம் செலவைத் தாமே கணக்கிட வேண்டும். தவணையும் காப்பீடும் வண்டி நின்றாலும் ஓடினாலும் உண்டு. ஆகவே சராசரிச் செலவுக்குக் கீழான சரக்கும், மோசமான ஊரிலிருந்து வெளியேற உதவுமாயின், வெறும் வண்டியாகத் திரும்புவதைவிட மேலானதாக இருக்கலாம். டீசலுக்கும் தேய்மானத்துக்கும் கூடப் போதாத சரக்கு பொதுவாகப் பயனற்றது.

நேரக் கட்டுப்பாடு

அமெரிக்க விதிகளின்படி 10 மணிநேர ஓய்வுக்குப் பின், பணி தொடங்கியதிலிருந்து 14 மணிநேரத்திற்குள் 11 மணிநேரமே ஓட்டலாம். பெரும்பாலான தொலைதூர ஓட்டுநர்களுக்கு 8 நாட்களில் 70 மணிநேரப் பணி என்பது உச்சவரம்பு. 2017 டிசம்பர் முதல் பெரும்பாலான வண்டிகளில் இதை மின்னணுக் கருவி பதிவு செய்கிறது. காகித ஏட்டில் இருந்த நெகிழ்வு போய்விட்டது.

எனவே ஓட்டுநர் உண்மையில் விற்பது மைலை அன்று, மணிநேரத்தையே. கிடங்கில் ஏற்றுவதற்கு 5 மணிநேரம் காக்க வைத்தால், பொதுவாக அந்த 14 மணிநேரக் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். வழக்கமாக முதல் 2 மணிநேரத்திற்குப் பணம் இல்லை; அதன் பின் காத்திருப்புத் தொகை கிடைப்பதும் ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால்தான். காக்க வைப்பதற்குப் பெயர் போன கிடங்குகளை ஓட்டுநர்கள் நினைவில் வைத்திருப்பர். வெள்ளிக்கிழமை மாலையில் சரக்கில்லாத ஊரில் இறக்கும் பயணத்தையும் அவர்கள் தவிர்ப்பர். திங்கள் வரை வண்டி நின்றுவிடும்.

தரகரும் பணமும்

நல்ல வாடகைக்குப் பேசி முடித்த சரக்கிற்கும் பணம் வராமல் போவதுண்டு. 2012ஆம் ஆண்டின் சட்டம் தரகரின் பிணைத்தொகையை 75,000 டாலராக உயர்த்தியது. ஆனால் பெரிய தரகர் ஒருவர் திவாலானால் பலரும் இத்தொகையைப் பங்கிட வேண்டியிருக்கும். தரகரிடமிருந்து சரக்கைப் பெற்றவர் தாம் ஓட்டாமல், மூன்றாமவருக்குக் கள்ளத்தனமாகக் கைமாற்றும் மோசடியும் பரவியுள்ளது. இதில் உண்மையில் ஓட்டியவரே ஏமாறுகிறார். ஆகவே தரகரின் உரிம எண், கடன் நம்பகத்தன்மை, பணம் தர எடுக்கும் நாட்கள் ஆகியவற்றைச் சரக்கை ஏற்கும் முன்பே பார்ப்பது அவசியம். பணம் வர 30 நாட்களோ அதற்கு மேலோ ஆகும் என்பதால், சிலர் விலைச்சீட்டை நிதி நிறுவனத்திடம் ஒரு சிறு கழிவுக்கு விற்று உடனே பணம் பெறுகின்றனர்.

சந்தையின் ஏற்ற இறக்கம்

2020இன் பிற்பகுதியிலும் 2021இலும் உடனடிச் சந்தை வாடகை மிக உயர்ந்தது. பலர் சம்பள வேலையை விட்டு, உயர்ந்த விலைக்குப் பழைய வண்டிகளை வாங்கி உரிமம் எடுத்தனர். 2022இன் வசந்தத்தில் வாடகை சரியத் தொடங்கியது. அதே ஆண்டு ஜூன் மாதம் டீசலின் தேசியச் சராசரி விலை கேலனுக்கு 5.70 டாலரைத் தாண்டியது. மாதத் தவணையோ பழைய உயரத்திலேயே நின்றது. அதன்பின் உரிமத்தைக் கைவிட்டவர்களில் சிலர் மீண்டும் சம்பளத்திற்கு ஓட்டச் சென்றனர். சிலர் தம் வண்டியையே பெரிய நிறுவனங்களின் உரிமத்தின் கீழ் ஒப்பந்தத்திற்கு விட்டனர்.