பியானோ இசையில் பொதுச்சுரம்: சுரக்கூட்டுகளின் இணைப்பும் தேயும் ஒலியின் சிக்கலும்

ஆய்வுச்சுருக்கம்

ஒரு சுரக்கூட்டிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும்போது இரண்டிற்கும் பொதுவான சுரத்தை அதே இடத்தில் நிறுத்தி, ஏனைய சுரங்களை மட்டும் அருகிலுள்ள இடங்களுக்கு நகர்த்துவது மேலையிசையின் இசைவியலில் தொடக்கப் பாடமாகும். நீடித்து ஒலிக்கும் மனிதக் குரலுக்கும் ஆர்கனுக்கும் இவ்விதி இயல்பாகப் பொருந்துகிறது. அடித்த கணமே ஒலி தேயத் தொடங்கும் பியானோவில் அது எவ்வாறு நிறைவேறுகிறது என்பதைப் பாக், ஷூபர்ட், ஷோப்பான் ஆகியோரின் படைப்புகளைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பொதுச்சுரம், சுரக்கூட்டு, குரல் நகர்வு, பியானோ, பெடல், ஷோப்பான்.

முன்னுரை

இசைக்கலைஞர்கள் பேச்சு வழக்கில் கார்டு என்று குறிப்பிடுவது, ஒரே நேரத்தில் ஒலிக்கும் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட சுரங்களின் தொகுதியாகும். நாண் என்னும் சொல் வடிவியலில் வேறு பொருளில் நிலைபெற்றுவிட்டதால், இக்கட்டுரை சுரக்கூட்டு என்ற சொல்லையே கையாள்கிறது. சுரங்கள் மேலை மரபின்படி சி, டி, இ, எஃப், ஜி, ஏ, பி என்ற எழுத்துப் பெயர்களால் சுட்டப்படுகின்றன. அடுத்தடுத்த இரு கட்டைகளுக்கு இடையிலான தொலைவு, அவை வெள்ளையாயினும் கறுப்பாயினும், ஓர் அரைச்சுரமாகும்.

பொதுச்சுர விதியைப் பாடநூல்கள் பெரும்பாலும் விரல்களின் சிக்கனமாகவே அறிமுகப்படுத்துகின்றன. கை குறைவாக நகர்வதால் பிழை குறையும் என்பது உண்மையே. எனினும் அவ்விளக்கம் பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. பியானோவில் நிறுத்தி வைக்கப்பட்ட சுரம் உண்மையில் நிற்பதில்லை, அது தேய்கிறது. தேயும் சுரத்தைப் பாலமாக்குவதற்கு எழுதுபவரும் வாசிப்பவரும் ஏதேனும் செய்தாக வேண்டும்.

கையும் தொலைவும்

சி-இ-ஜி என்னும் சி மேஜர் சுரக்கூட்டிலிருந்து எஃப் மேஜருக்குச் செல்வதாகக் கொள்வோம். கையின் வடிவத்தை மாற்றாமல் எஃப்-ஏ-சி என்று தாவினால் மூன்று சுரங்களும் தலைக்கு 5 அரைச்சுரம் நகர்கின்றன, மொத்தம் 15. மாறாக, இரண்டிற்கும் பொதுவான சி சுரத்தை நிறுத்திக்கொண்டு சி-எஃப்-ஏ என அமைத்தால், இ ஓர் அரைச்சுரமும் ஜி இரண்டு அரைச்சுரமும் நகர்ந்தால் போதும், மொத்தம் 3. ஒலிக்கும் சுரப்பெயர்கள் இரு வழியிலும் அவையே. ஆயினும் முதல் வழியில் இரண்டு தனிப் பொருள்கள் அடுத்தடுத்து வைக்கப்பட்டதாகவும், இரண்டாவதில் ஒரே பொருள் உருமாறியதாகவும் செவி உணர்கிறது.

வலக்கையில் சி-இ-ஜி கூட்டை 1, 3, 5 ஆம் விரல்கள் வாசிக்கும். எஃப் மேஜருக்குச் செல்லும்போது பெருவிரல் சி கட்டையில் ஊன்றி நிற்க, மற்றவை மேலே நகர்கின்றன. மீண்டும் சி மேஜருக்கு வந்து, அங்கிருந்து ஜி மேஜருக்கு பி-டி-ஜி எனச் சென்றால் இப்போது ஊன்றி நிற்பது சுண்டுவிரல். கதவின் கீல் இடம் மாறுவதைப் போன்றது இது.

அர்னால்ட் ஷோன்பெர்க் 1911 இல் வெளியிட்ட இசைவியல் நூலில் பொதுச்சுரத்தை இரு கூட்டுகளுக்கு இடையிலான பிணைப்பாகவே கருதினார். தேவைக்கு மேல் எக்குரலும் நகரலாகாது என்னும் குறுவழி விதியைப் புரூக்னரிடமிருந்து வந்ததாகக் குறிப்பிட்டார்.

பொதுச்சுரம் இல்லாத இடத்தில் நிலைமை வேறு. எஃப் மேஜருக்கும் ஜி மேஜருக்கும் பொதுவான சுரம் ஒன்றுகூட இல்லை. அங்கு மேற்குரல்களைக் கீழ்ச்சுரத்திற்கு எதிர்த்திசையில் நகர்த்துவது வழக்கம். மற்றொரு வழியும் உண்டு. ஜி-பி-டி யுடன் எஃப் சுரத்தைச் சேர்த்து ஏழாம் சுரக்கூட்டு ஆக்கினால், எஃப் முந்தைய கூட்டோடும் ஜி அடுத்து வரும் சி மேஜரோடும் கைகோத்துக்கொள்கின்றன. மிகப் பரவலாக ஒலிக்கும் இம்மூன்று கூட்டுத் தொடரின் இறுக்கத்திற்கு இந்த இரட்டைப் பிணைப்பும் ஒரு காரணம் எனலாம்.

நிற்கும் சுரமும் மாறும் பொருளும்

மேஜர், மைனர் என்னும் மூன்று சுரக் கூட்டுகள் மொத்தம் 24. ஒவ்வொரு சுரமும் அவற்றுள் ஆறில் இடம்பெறுகிறது. சி சுரத்தை எடுத்துக்கொண்டால், சி மேஜரிலும் சி மைனரிலும் அது அடிச்சுரம். எஃப் மேஜரிலும் எஃப் மைனரிலும் ஐந்தாம் சுரம். ஏ மைனரிலும் ஏ ஃபிளாட் மேஜரிலும் மூன்றாம் சுரம். கட்டை ஒன்றே, அதிர்வெண் ஒன்றே. சுற்றியுள்ள சுரங்கள் மாறும்போது அதன் தகுதி மாறுகிறது.

இவ்விடத்தில் தமிழிசை பயின்ற செவி ஒரு வேறுபாட்டைக் கருத வேண்டும். தம்பூராவின் ஆதார சுருதியும் மாறாமல் நிற்பதே. ஆனால் ஏனைய சுரங்கள் அதனை நோக்கியே தம் பொருளைப் பெறுகின்றன; சட்சம் எப்போதும் சட்சமே. பொதுச்சுரத்திற்கு அந்த உறுதிப்பாடு கிடையாது. அது நிற்கிறது என்பதே பிறவற்றின் நகர்வை உணர்த்துவதற்காக.

ஷூபர்ட் இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன், 1828 இல் நிறைவுசெய்த பி ஃபிளாட் மேஜர் சொனாட்டாவின் முதற்பகுதி இதற்குத் தக்க சான்று. பி ஃபிளாட் மேஜரில் தொடங்கும் இசை, சிறிது நேரத்தில் ஜி ஃபிளாட் மேஜருக்குச் செல்கிறது. முதலாவதன் குறியீட்டில் 2 ஃபிளாட்டுகள், இரண்டாவதில் 6. இலக்கண நோக்கில் இவை தொலைவானவை. கையின் நோக்கில் அவ்வாறன்று. பி ஃபிளாட் நிற்க, எஃப் ஓர் அரைச்சுரம் ஏறி ஜி ஃபிளாட் ஆகிறது. டி ஓர் அரைச்சுரம் இறங்கி டி ஃபிளாட் ஆகிறது. மொத்த நகர்வு 2 அரைச்சுரம் மட்டுமே; மேலே கண்ட சி மேஜர் – எஃப் மேஜர் நகர்வைவிடக் குறைவு. மேலும் 8 ஆம் தாளக்கட்டத்திலேயே அடித்தளத்தில் ஜி ஃபிளாட் சுரத்தின் நடுக்கம் ஒன்று முணுமுணுப்பாக வந்து போகிறது. தொலைவுக்குச் செல்லும் வழி முன்னரே திறந்து வைக்கப்பட்டிருக்கிறது.

இத்தகைய அண்மைகளை அளக்கும் முயற்சி பழமையானது. ஆய்லர் 1739 இல் வெளியிட்ட இசை நூலிலேயே சுர உறவுகளை வலைப்படமாக வரைந்தார். ஹூகோ ரீமானின் கருத்துகளை 20 ஆம் நூற்றாண்டின் இறுதியில் டேவிட் லூயின், ரிச்சர்ட் கோன் முதலியோர் வளர்த்தெடுத்தனர். இரண்டு சுரங்களை நிறுத்தி ஒன்றை மட்டும் நகர்த்தும் மூன்று அடிப்படை மாற்றங்கள் அவர்களின் கோட்பாட்டிற்கு அடித்தளம். சி மேஜரிலிருந்து சி மைனர், ஏ மைனர், இ மைனர் ஆகிய மூன்றையும் அவ்வாறு அடையலாம்.

தேயும் ஒலியும் மறுபடி அடித்தலும்

பியானோவின் சுத்தியல் தந்தியை அடித்துத் திரும்பியபின் ஒலியைப் பெருக்க வாசிப்பவரால் இயலாது. பாக் காலத்து ஹார்ப்சிகார்டுக்கும் கிளாவிகார்டுக்கும் இத்தேய்வு உண்டு. 1722 இல் தொகுக்கப்பட்ட நூலின் முதற்பிரெலூட், சி மேஜரில் அமைந்தது, இச்சிக்கலைக் கூட்டுகளை உதிர்த்து வாசிப்பதன்வழி எதிர்கொள்கிறது. ஒவ்வொரு தாளக்கட்டத்திலும் ஐந்து சுரங்கள் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாக ஒலிக்கின்றன. மேல் மூன்றும் மறுபடி வருகின்றன. இவ்வடிவம் முழுவதும் இருமுறை நிகழ்கிறது. ஆகவே எச்சுரமும் முற்றிலும் அணையும்முன் புதுப்பிக்கப்படுகிறது.

இரண்டாம் தாளக்கட்டத்தின் சுரங்கள் சி-டி-ஏ-டி-எஃப். மூன்றாவதன் சுரங்கள் பி-டி-ஜி-டி-எஃப். இரு டி சுரங்களும் எஃப் சுரமும் தம் இடத்திலேயே இருக்க, சி பி ஆகவும் ஏ ஜி ஆகவும் ஒரு படி இறங்குகின்றன. எட்டாவதில் பி-சி-இ-ஜி-சி, ஒன்பதாவதில் ஏ-சி-இ-ஜி-சி. இங்கு நான்கு சுரங்கள் அசையவில்லை. அடிச்சுரம் ஒன்று மட்டுமே ஒரு முழுச்சுரம் இறங்குகிறது. ஆயினும் எட்டாவதன் உரசல் ஒன்பதாவதில் தணிந்துவிடுகிறது. நிலைத்த நான்கின் நிறத்தையும் நகர்ந்த ஒன்று மாற்றிவிட்டது.

கூட்டுகளை உதிர்க்காமல் ஒருசேர வாசிக்குமிடத்துப் பெடலும் விரலும் வேலையைப் பகிர்ந்துகொள்கின்றன. வலப்பெடலை மிதித்தால் தந்திகளின்மீது படிந்திருக்கும் தணிப்பான்கள் அனைத்தும் எழுகின்றன. மிதித்தபடியே அடுத்த கூட்டுக்குச் சென்றால் பழைய சுரங்களும் கலந்து ஒலி கலங்கும். எனவே புதுக் கூட்டு ஒலிக்கும் தருணத்தில் பெடலை விட்டு உடனே மீண்டும் மிதிப்பது வழக்கம். அந்த இடைவெளியில் எல்லாத் தணிப்பான்களும் இறங்குகின்றன, விரல் அழுத்திப் பிடித்திருக்கும் கட்டைகளுடையவை தவிர. அதாவது, பொதுச்சுரத்தின்மேல் விரல் எடுக்கப்படாமல் இருந்தால் அது மட்டும் தப்பிப் பிழைத்து அடுத்த கூட்டுக்குள் நுழைகிறது. விரலை எடுத்துவிட்டுப் பெடலை மட்டும் நம்புபவரின் வாசிப்பில் பொதுச்சுரம் ஏட்டில் இருக்கும், காதில் இராது. இணைப்பு வளைவு இடப்பட்ட சுரங்களைப் பல மாணவர்கள் கவனியாது கடப்பதன் இழப்பு இதுவே. தேர்ந்தெடுத்த சுரங்களை மட்டும் தாங்கும் நடுப்பெடலுக்கு ஸ்டெயின்வே நிறுவனம் 1874 இல் காப்புரிமை பெற்றது. ஆனால் அதற்கு முந்தைய இசை பெரும்பாலும் விரலையே சார்ந்தது.

ஷோப்பானின் ஏ ஃபிளாட்

1839 இல் வெளியான ஷோப்பானின் 24 பிரெலூட்டுகளில் 15 ஆவது, தேய்வையே இசையின் கருவாக ஆக்கிக்கொள்கிறது. மழைத்துளி என்ற பெயர் அவர் சூட்டியதன்று, பின்வந்தோர் இட்டது. டி ஃபிளாட் மேஜரில் அமைந்த முதற்பகுதியில் ஏ ஃபிளாட் சுரம் கூட்டுகள் மாறியபோதும் அடுத்தடுத்துத் தட்டப்படுகிறது. நிறுத்திப் பிடிக்க இயலாததை அவர் விடாது அடித்தே நிறுத்துகிறார்.

நடுப்பகுதி சி ஷார்ப் மைனரில் வருகிறது. டி ஃபிளாட்டும் சி ஷார்ப்பும் பியானோவில் ஒரே கட்டை. ஏ ஃபிளாட்டும் ஜி ஷார்ப்பும் அவ்வாறே. எனவே டி ஃபிளாட்-எஃப்-ஏ ஃபிளாட் கூட்டில் எஃப் மட்டும் ஓர் அரைச்சுரம் இறங்கி இ ஆக, ஏடு முழுவதும் ஃபிளாட்டிலிருந்து ஷார்ப்புக்கு மாறிவிடுகிறது. தட்டும் கட்டை மாறவில்லை. முதற்பகுதியில் இன்னிசைக்கு அடியில் துடித்த சுரம் இப்போது மேலே எழ, அதற்குக் கீழே இடக்கையில் கனத்த கூட்டுகள் நகர்கின்றன. மென்மையாகத் தொடங்கிய தட்டல் படிப்படியாக அச்சுறுத்தும் வலிமை பெறுகிறது. பெயர் மாற்றம் எழுத்து வசதிக்கானது என்று இசைவியல் நூல் கூறக்கூடும். வாசிப்பவருக்கு அவ்வாறு கடந்துவிட வாய்ப்பில்லை: ஒரே கட்டையை ஏ ஃபிளாட் என எவ்வளவு எடையில் தொட வேண்டும், ஜி ஷார்ப் என எவ்வளவு எடையில் தொட வேண்டும், முதற்பகுதி சுருக்கமாக மீளும்போது அந்தக் கனத்தை எத்தனை தட்டல்களில் இறக்கி வைக்க வேண்டும் என்பவற்றை அவரது விரலே முடிவு செய்கிறது.