பகிர்வு மின்னூர்திகளின் கணினிப் பாதுகாப்பு

பகிர்வு மின்னூர்திகளின் கணினிப் பாதுகாப்பு என்பது, பலர் பொதுவாகப் பயன்படுத்தும் மின்சாரப் பேருந்துகள், வாடகை ஸ்கூட்டர்கள் முதலியவற்றையும் அவற்றுக்கான மின்னேற்ற நிலையங்களையும் கணினிவழித் தாக்குதல்களிலிருந்து காப்பதைக் குறிக்கும். தனியார் ஊர்தியில் நேரும் குறை பெரும்பாலும் அதன் உரிமையாளரையே பாதிக்கும். பகிர்வு ஊர்திகள் பல ஒரே மைய வழங்கியைச் சார்ந்திருப்பதால், அங்கு நேரும் ஒரு குறை பெருந்திரளான பயணிகளைப் பாதிக்கக்கூடும்.

கேளம்பாக்கம் வட்டாரம்

செங்கல்பட்டு மாவட்டத்திலுள்ள கேளம்பாக்கம், பழைய மாமல்லபுரம் சாலையும் வண்டலூர் சாலையும் கூடுமிடத்தில் அமைந்துள்ளது. இதனருகே சிறுசேரி சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்கா உள்ளது. சென்னை மாநகரப் போக்குவரத்துக் கழகத்தில் 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் இயங்கத் தொடங்கின. அதே ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டிய பெரும்பாக்கம் பணிமனையிலிருந்தும் மின்சாரப் பேருந்துகள் புறப்பட்டன. இத்தகைய பேருந்துகளுக்கு, டீசல் பேருந்துகளுக்கு இல்லாத ஒரு சார்பு உண்டு. இரவில் மின்னேற்றிகளின் மென்பொருள் முடங்கினால், காலையில் பேருந்துகள் புறப்பட இயலாது.

இயங்கும் முறை

பகிர்வு மின்னூர்தி அமைப்பில் பயனரின் நகர்பேசிச் செயலி, ஊர்தி, மின்னேற்றி, மைய வழங்கி ஆகிய நான்கும் ஒன்றோடொன்று செய்தி பரிமாறுகின்றன. மின்னேற்றிக்கும் வழங்கிக்கும் இடையே பரவலாகப் பயன்படுவது ஓ.சி.பி.பி. என்னும் நெறிமுறையாகும். 2015 இல் வெளிவந்த இதன் 1.6 ஆம் பதிப்பில் செய்திகளை மறையாக்கம் செய்வது கட்டாயமாக இருக்கவில்லை. 2020 இல் வெளிவந்த 2.0.1 ஆம் பதிப்பில் பாதுகாப்பு விதிகள் இணைக்கப்பட்டன.

நிகழ்வுகள்

* 2019 பிப்ரவரியில் சியோமி எம்365 ஸ்கூட்டரில் ஒரு குறை கண்டறியப்பட்டது. கடவுச்சொல்லைச் செயலி மட்டுமே சரிபார்த்தது, ஸ்கூட்டர் சரிபார்க்கவில்லை. எனவே அருகிலிருக்கும் வேறொருவர் புளூடூத் வழியாக அதனை நிறுத்த முடிந்தது.
* 2022 பிப்ரவரியில் மாஸ்கோ - சென் பீட்டர்ஸ்பெர்க் நெடுஞ்சாலையில் மின்னேற்றிகள் முடக்கப்பட்டு, திரைகளில் அரசியல் முழக்கங்கள் காட்டப்பட்டன. பாகங்களை வழங்கிய உக்ரைன் நிறுவனம் தொலைவிலிருந்து அணுகும் வழியை வைத்திருந்ததாக ருசிய மின் நிறுவனமான ரொசெட்டி தெரிவித்தது.
* 2022 ஏப்ரலில் இங்கிலாந்தின் வைட் தீவில், நகராட்சி வாகன நிறுத்துமிடங்களின் மின்னேற்றித் திரைகளில் ஆபாச இணையதளம் தோன்றியது.

இந்தியாவில்

மின்னேற்ற நிலையங்கள் தொடர்பான கருவிகளிலும் செயலிகளிலும் பாதுகாப்புக் குறைகள் இருப்பதாக, கணினிப் பாதுகாப்பு நிகழ்வுகளைக் கையாளும் நடுவண் அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தகவல்கள் வந்துள்ளதாக 2023 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. இவ்வமைப்பின் 2022 ஏப்ரல் ஆணைப்படி, குறிப்பிட்ட வகைக் கணினிப் பாதுகாப்பு நிகழ்வுகளை நிறுவனங்கள் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும்.

தடுப்பு முறைகள்

* ஒவ்வொரு மின்னேற்றிக்கும் தனிக் கடவுச்சொல் அமைத்தல். எல்லாவற்றுக்கும் ஒரே கடவுச்சொல் இருப்பின், ஒன்று வெளிப்பட்டால் அனைத்தும் வெளிப்படும்.
* எண்ணிமக் கையொப்பம் உள்ள மென்பொருளை மட்டும் மின்னேற்றி ஏற்குமாறு செய்தல்.
* பராமரிப்பு ஒப்பந்தம் முடிந்தவுடன் வெளியாரின் தொலை அணுகலை நீக்குதல்.
* வழங்கியுடன் தொடர்பு அறுந்தாலும், பணிமனையிலேயே மின்னேற்றத்தைத் தொடர வழிசெய்தல்.

பயனர்கள், மின்னேற்றியிலுள்ள கியூ.ஆர். குறியின்மேல் வேறு ஒட்டி ஒட்டப்பட்டுள்ளதா என்று பார்த்த பின்னரே பணம் செலுத்துதல் நன்று. இணையவழிப் பண மோசடியை 1930 என்னும் எண்ணில் முறையிடலாம்.