‘ஹைட்ரோ’வில் எவ்வளவு தண்ணீர்?

‘ஹைட்ரோ’ என்னும் முன்னொட்டு, தண்ணீரைக் குறிக்கும் ‘ஹுதோர்’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. ஸ்கேன் அறிக்கை, வேதியியல் பாடநூல், லேத் பட்டறை, மாத்திரை அட்டை என்று அது தலைகாட்டாத இடம் குறைவு. ‘ஹைட்ரோ என்றால் நீர்’ என்று பள்ளியில் மனப்பாடம் செய்ததை வைத்துக்கொண்டு இந்தச் சொற்களைப் படித்தால் பாதிக்குப் பாதி சரியாக வரும். மற்ற இடங்களில் அந்த ‘நீர்’ எண்ணெயாக இருக்கும், சிறுநீராக இருக்கும், சில சமயம் வெறும் வாயுவாகவும் இருக்கும்.

தண்ணீரையே நேராகக் குறிக்கும் சொல்லுக்குச் சென்னையின் மேற்குப் புறநகரிலேயே எடுத்துக்காட்டு உண்டு. பூந்தமல்லியை அடுத்த செம்பரம்பாக்கம் ஏரியின் முழு உயரம் 24 அடி. கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. மழைக்காலத்தில் அதற்கு எவ்வளவு வரத்து இருக்கும், எவ்வளவு திறந்துவிட வேண்டும் என்று கணக்குப் பார்க்கும் அறிவியல் ஹைட்ராலஜி; தமிழில் நீரியல். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, ஏரியின் உபரிநீர் போய்ச் சேரும் அடையாற்றங்கரையில் குடியிருப்பவர்களுக்கு இந்தத் துறையின் பெயர் தெரியாவிட்டாலும் ‘வரத்து’, ‘கன அடி’, ‘உபரிநீர்’ எல்லாம் தண்ணீர்பட்ட பாடு. திருவள்ளூர் மாவட்டத்தில், 1944இல் கட்டி முடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கத்தின் அருகே, ஹைட்ராலிக்ஸ், ஹைட்ராலஜி என்ற இரண்டு சொற்களையும் தன் பெயரிலேயே சுமக்கும் அரசு ஆய்வு நிலையம் ஒன்று இருக்கிறது. ஹைட்ராலஜி நீரின் வரவுசெலவைப் பார்க்கும். ஹைட்ராலிக்ஸ் நீரின் ஓட்டத்தையும் அழுத்தத்தையும் பார்க்கும்.

ஹைட்ராலிக்ஸ் என்ற சொல்லில் ‘ஹுதோர்’ உடன் ‘ஔலோஸ்’, அதாவது குழாய், சேர்ந்திருக்கிறது. மூடிய குழாயில் அடைபட்ட திரவத்தை ஒரு முனையில் அழுத்தினால் அந்த அழுத்தம் குறையாமல் மறுமுனைக்கும் போய்ச் சேரும் என்பது பாஸ்கல் விதி. இதை வைத்து 1795இல் இங்கிலாந்தில் ஜோசப் பிராமா அழுத்து இயந்திரம் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். அதில் இருந்தது தண்ணீர்தான். ஆனால் தண்ணீர் இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும், உராயும் பாகங்களுக்கு வழுவழுப்பும் தராது. எனவே பிறகு வந்தவர்கள் எண்ணெய்க்கு மாறினார்கள். பெயரை மட்டும் மாற்றவில்லை. இன்று அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தகட்டை அழுத்தி வளைக்கும் ஹைட்ராலிக் பிரஸ்ஸில் ஒரு சொட்டுத் தண்ணீர் கலந்தாலும் அது கோளாறுதான். அங்கே இரும்புப் பாரங்களைத் தூக்கிச் செல்லும் சிறு கிரேனைத் தொழிலாளர்கள் ‘ஹைட்ரா’ என்பார்கள். அதன் கையை நீட்டி மடக்குவதும் எண்ணெய் அழுத்தமே.

ஆவடியில் இந்த முன்னொட்டு இன்னொரு சொல்லோடு கைகோத்திருக்கிறது. அங்குள்ள போர் வாகன ஆராய்ச்சி மேம்பாட்டு நிறுவனம் வடிவமைத்து, கனரக வாகனத் தொழிற்சாலை தயாரிக்கும் அர்ஜுன் டாங்கியின் சக்கரங்களைத் தாங்குவது ஹைட்ரோநியூமேட்டிக் அமைப்பு. நியூமா என்றால் காற்று, மூச்சு. சக்கரம் மேட்டில் ஏறும்போது எண்ணெய் தள்ளப்படுகிறது. அது அடைபட்ட வாயுவை அழுத்த, வாயு சுருள்வில்லைப் போல வாங்கிக்கொண்டு திரும்பத் தள்ளுகிறது. 58 டன்னைத் தாண்டும் வண்டி குண்டும் குழியுமான தரையில் அதிராமல் போவதற்கு இதுவே காரணம்.

ஹைட்ரோமீட்டர் மிதந்து அளக்கும் கருவி. அடர்த்தியான திரவத்தில் அதிகம் அமிழாது, நீர்த்த திரவத்தில் அதிகம் அமிழும். பேட்டரிக் கடையில் அமிலத்தின் நிலையைப் பார்க்க இதைத்தான் விடுகிறார்கள். முழுதாகச் சார்ஜ் ஏறிய பேட்டரியில் ஒப்படர்த்தி 1.26 முதல் 1.28 வரை இருக்கும். பால் பண்ணையில் இதே கருவிக்கு லாக்டோமீட்டர் என்று பெயர். பாலில் தண்ணீர் கலந்ததைக் காட்டிக்கொடுக்கும் கருவிக்கு ‘ஹைட்ரோ’ பொருத்தமாக இருந்திருக்கும். பெயர் சூட்டியவர்கள் பாலின் பக்கம் நின்றுவிட்டார்கள். இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாதது ஹைக்ரோமீட்டர். ஓர் எழுத்து மாறியதும் முன்னொட்டே வேறு. ‘ஹைக்ரோ’ என்பது ஈரம். இந்தக் கருவி காற்றின் ஈரப்பதத்தை அளக்கும்.

மருத்துவத்தில் ‘ஹைட்ரோ’ வந்தால், இருக்கக் கூடாத இடத்தில் அல்லது இருக்க வேண்டியதற்கு மேல் திரவம் தேங்கியிருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். அது எந்தத் திரவம் என்பதை அடுத்து வரும் உறுப்பின் பெயர்தான் சொல்லும். ஹைட்ரோநெப்ரோசிஸ் என்று ஸ்கேன் அறிக்கையில் இருந்தால் சிறுநீரகம் வீங்கியிருக்கிறது. கல்லோ வேறு அடைப்போ வழியை மறிக்க, சிறுநீர் பின்வாங்கித் தேங்குகிறது. ஹைட்ரோகெபாலஸ் என்பது தலைக்குள் மூளைத் தண்டுவட நீர் வடியாமல் சேர்வது. குழந்தையின் மண்டை எலும்புகள் இன்னும் இணைந்திராததால் தலையே பெரிதாகும். ஹைட்ரோசீல் என்பது விரைப்பையில் நீர் கோத்த வீக்கம். சாக்கடையில் பெருகும் கியூலெக்ஸ் கொசு பரப்பும் யானைக்கால் புழு, ஆண்களின் உடம்பில் விட்டுச்செல்லும் அடையாளங்களில் இதுவும் ஒன்று. பாலிஹைட்ராம்னியோஸ் என்றால் பனிக்குட நீர் மிகுதி.

இந்த இடத்தில் தமிழுக்கு ஒரு வசதி உண்டு. தமிழில் ‘நீர்’ குடிக்கிற தண்ணீர் மட்டுமல்ல: சிறுநீர், கண்ணீர், உமிழ்நீர், நிணநீர், பனிக்குட நீர் என்று உடம்பில் ஊறுவதும் ஒழுகுவதும் அதில் அடங்கும். ‘தலையில் நீர் கோத்திருக்கிறது’ என்று வீட்டில் பேசும் தமிழிலேயே சொல்லிவிடலாம். கிரேக்கம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கருப்பையில் குழந்தைக்குப் பதிலாக நீர்க் குமிழிகள் கொத்தாக வளரும் நிலையை ஆங்கில மருத்துவம், ‘ஹுதோர்’ வழி வந்த சொல்லை வைத்து ஹைடாடிடிபார்ம் மோல் என்கிறது. தமிழில் அது முத்துப்பிள்ளை. அந்தக் குமிழிகளைக் கண்ணால் பார்த்தவர் வைத்த பெயர் அது.

ஹைட்ரோபோபியா, நீரச்சம், வெறிநாய்க்கடி நோயின் இன்னொரு பெயர். உண்மையில் நோயாளி தண்ணீரை வெறுப்பதில்லை. விழுங்க முயலும்போது தொண்டைத் தசைகள் வலியோடு இறுகுவதால் தண்ணீரைக் கண்டாலே மிரள்கிறார். அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது மிக அரிது. கடிபட்ட உடனே காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவித் தடுப்பூசி போட்டுக்கொள்வதுதான் வழி. லூயி பாஸ்டர் 1885இல் அந்தத் தடுப்பூசியை முதன்முதலில் ஒரு சிறுவனுக்குச் செலுத்தினார். தமிழ்நாட்டில் குன்னூர் பாஸ்டர் நிலையம் 1907இல் தொடங்கியது. இதே சொல் வேதியியலுக்குப் போனால் அச்சம் போய்விடுகிறது. தாமரை இலையின் மேற்பரப்பு ஹைட்ரோபோபிக், அதாவது நீரை ஒட்டவிடாதது.

வேதியியலில்தான் முன்னொட்டு முழுதாகத் தடம் மாறுகிறது. 1766இல் ஹென்றி கேவண்டிஷ் தனியே பிரித்து ஆராய்ந்த எரியும் வாயு, ஆக்சிஜனோடு சேர்ந்து எரிந்தால் தண்ணீர் உண்டாவது பிறகு தெரியவந்தது. எனவே லவாசியேவும் அவருடைய கூட்டாளிகளும் 1787இல் அதற்கு ‘நீரை உண்டாக்குவது’ என்ற பொருளில் ஹைட்ரஜன் என்று பெயரிட்டார்கள். தமிழில் நீரகம் என்று ஆக்கியவர்களும் உண்டு. இலங்கைத் தமிழர் ஐதரசன் என்றே எழுதுவார்கள். அன்றிலிருந்து வேதிப்பெயர்களில் ‘ஹைட்ரோ’ என்பது பெரும்பாலும் ஹைட்ரஜனின் சுருக்கம். ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஹைட்ரஜனும் குளோரினும் சேர்ந்தது. 2017இல் புதுக்கோட்டை மாவட்டம் நெடுவாசல் போராட்டத்தால் தமிழ்நாடு முழுதும் பழகிப்போன ஹைட்ரோகார்பன், ஹைட்ரஜனும் கார்பனும் மட்டுமே ஆனது. அதில் தண்ணீர் கிடையாது. கொரோனாக் காலத்தில் வாயில் நுழையாமல் நுழைந்த ஹைட்ராக்சிகுளோரோகுயினில் இருப்பது ஹைட்ராக்சி, அதாவது ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கூடிய ஓர் இணை. இந்த வேர் சொல்லின் நடுவிலோ கடைசியிலோ வந்தால் சில சமயம் பழைய பொருள் திரும்பவும் எட்டிப்பார்க்கும். டிஹைட்ரேஷன் நீரிழப்பு, கார்போஹைட்ரேட் என்பது கார்பனோடு நீர் சேர்ந்தது போன்ற கணக்கில் வைத்த பெயர்.

ரத்த அழுத்தத்துக்குத் தரும் ஹைட்ரோகுளோரோதயசைட் மாத்திரையில் இரண்டு பொருளும் மோதிக்கொள்கின்றன. அது சிறுநீரைக் கூடுதலாகப் பிரியவைத்து, உடம்பிலுள்ள உப்பையும் நீரையும் வெளியேற்றும். அதனால்தான் நோயாளிகள் அதை ‘நீர் மாத்திரை’ என்கிறார்கள். மருந்தின் பெயரிலுள்ள ‘ஹைட்ரோ’ இந்த நீரைத்தான் குறிக்கிறது என்று எவரும் நினைப்பார்கள். ஆனால் அது குளோரோதயசைட் என்ற முந்தைய மருந்தோடு கூடுதலாகச் சேர்த்த இரண்டு ஹைட்ரஜன் அணுக்களைத்தான் குறிக்கிறது. முன்னொட்டு இல்லாத அந்தப் பழைய மருந்தும் நீரைப் பிரிக்கும் மருந்துதான்.